எடைக்கு எடை வெல்லம்

சென்னியப்பன் ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பியது 1985 தை மாதம். ஆனால் கார்த்திகையிலேயே அவர் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார். நாமக்கல் சேலம் ரோட்டில் இருந்த தன்னுடைய எடைமேடை ஆபீசில் உட்கார்ந்துகொண்டு, சிங்கம் வேனிலிருந்து எத்தனை அடி தூரத்தில் படுத்திருக்கும், அதை எழுப்பாமல் எப்படிப் பார்க்க வேண்டும், எழுந்துவிட்டால் நாம் முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம், லோடு எடைபோட வந்த டிரைவர்களிடம் நேரில் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி விளக்கிக்கொண்டிருந்தார். கேட்காத டிரைவருக்கு எடைச்சீட்டு தாமதமாகும். அதனால் எல்லோரும் கேட்டார்கள்.

அவருக்குப் பதினோரு லாரிகள், அந்த எடைமேடை, மூன்று சங்கங்களின் தலைவர் பதவி, இதையெல்லாம் தாங்குவதற்கு ஏற்ற உடம்பு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை தவிர வேறு நிறம் அந்த உடம்பில் ஏறியதில்லை. ஊரில் எங்கே மைக் கட்டினாலும் அதற்குப் பின்னால் அவர் இருப்பார்.

ஆப்பிரிக்க யோசனையைக் கொண்டுவந்தவர் சேலத்தில் டிராவல்ஸ் வைத்திருந்த தீர்த்தகிரி. அதுவரை பஸ்ஸில் ஆளேற்றிக் காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் அனுப்பிக்கொண்டிருந்தவர். கென்யா என்பது அவருக்கே முதல் முறை. "ஆறே ஆறு பேர் சார். ஒரே வேன். நைரோபியில இருந்து காட்டுக்குச் சின்ன பிளேன். கூட்டம் கிடையாது, கும்பல் கிடையாது" என்றார். கும்பல் கிடையாது என்பது சென்னியப்பனுக்கு உறுத்தியது. கும்பல் இல்லாத இடத்தில் தலைவருக்கு என்ன வேலை? பிறகு, திரும்பி வந்தால் கும்பல் சேரும் என்று சமாதானமாகி, முதல் ஆளாக முன்பணம் கட்டினார்.

அவரோடு சேர்த்து ஐந்து பேர் சுலபமாகச் சேர்ந்தார்கள். மச்சினன் மணியன், கோழிப்பண்ணைக்காரன். இளம்பிள்ளைச் சேலை வியாபாரி சின்னண்ணன். திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டி வைத்திருந்த சரவணமுத்து, அவர் மனைவி பொன்னாத்தாள். ஆறாவது ஆள் ஒரு அரிசி ஆலைக்காரர். அவர் மகளுக்குத் திடீரென்று கல்யாணம் நிச்சயமாகி விலகிக்கொண்டார். கட்டிய பணம் திரும்பாது என்றார் தீர்த்தகிரி.

காலி சீட்டோடு வண்டி ஓடுவதைக் கண்ணால் பார்க்கச் சகிக்காதவர்கள் லாரிக்காரர்கள். ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, சாப்பிட உட்காரும்போது சென்னியப்பன் மனைவியிடம் சொன்னார்.

"ஏ கண்ணாத்தா, அந்த ஆறாவது சீட்டு சும்மாதான் போவுது. நீ வந்துரு."

கண்ணாத்தாள் குழம்புக் கரண்டியைப் பிடித்தபடியே நின்றாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். வீட்டு லாரிகள் காஷ்மீருக்கும் கல்கத்தாவுக்கும் போய் வந்துகொண்டிருந்தன. அவள் கல்யாணம், இழவு, வேண்டுதல் ஆகிய மூன்றில் ஒன்று இல்லாமல் ஊரெல்லையைத் தாண்டியதில்லை. சும்மா போய்ச் சும்மா பார்த்துவிட்டு வருவதற்கென்று ஒரு பயணம் உலகத்தில் உண்டு என்பதே அவளுக்குப் புதிது. அதற்குத் தன்னைக் கூப்பிட்டது காலி சீட்டை நிரப்பத்தான் என்று தெரிந்தும், "வாரேனுங்க" என்று உடனே சொன்னாள். அவர் மனசு மாறிவிடுமோ என்ற பயம்.

அவளுக்குச் சிங்கத்தின் மேல் ஆசையில்லை. ஒட்டகச்சிவிங்கியைப் பார்க்க வேண்டும். அத்தனை உயரத்தில் தலையை வைத்துக்கொண்டு அது எப்படித் தண்ணீர் குடிக்கும் என்று மாட்டுத் தீவனக் கடைக் காலண்டரைப் பார்த்த நாளிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தாள். கணவரிடம் ஒருமுறை கேட்டிருந்தாள். "அதுக்கெல்லாம் ஆள் வெச்சிருப்பாங்க" என்று பதில் கிடைத்தது.

சென்னைக்குப் போய் எல்லோரும் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டு வந்தார்கள். சென்னியப்பன் மூன்று நாள் படுத்துக்கொண்டார். கண்ணாத்தாள் வீங்கிய கையோடு மறுநாள் மாவாட்டினாள். கை வலிக்கிறது என்று சொன்னால் அதையே சாக்காக வைத்து விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

மார்கழி முதல் ஞாயிற்றுக்கிழமை, எடைமேடை ஆபீசில் முதல் கூட்டம். தீர்த்தகிரி சைக்ளோஸ்டைல் எடுத்த ஒரு தாளைப் படித்தார்.

"ஆளுக்கு ஒரு பை. துணிப்பைதான். பெட்டி கூடாது. பதினஞ்சு கிலோவுக்கு மேல போகக் கூடாது. வெள்ளை கண்ணைப் பறிக்கும், மிருகம் மிரளும். அதனால மண்ணு நெறத்துல உடுப்பு. சென்ட், மல்லிகைப் பூ வேண்டாம்."

"பதினஞ்சுன்னா எவ்வளவு வரைக்கும் உடுவாங்க?" என்று கேட்டார் சரவணமுத்து.

"பதினஞ்சுதான் சார்."

"அது பேப்பர்ல. நெசத்துல?"

தீர்த்தகிரிக்குக் கேள்வி புரியவில்லை. அறையிலிருந்த மற்ற எல்லோருக்கும் புரிந்தது. பத்து டன் பர்மிட் என்றால் பதினாலு டன் ஏற்றுவதுதான் அந்தப் பக்கத்துச் சம்பிரதாயம். பத்தே டன் ஏற்றிக்கொண்டு போகிற லாரிக்காரனைப் பெண் கொடுத்தவர்கள்கூட மதிக்கமாட்டார்கள்.

"நீங்க பதினஞ்சே வெச்சுக்குங்க. ஆனா ஒருத்தரும் பதினஞ்சுக்குக் கீழ போகக் கூடாது. கெடைச்ச எடத்த உடறது நமக்கு அழகில்லீங்க" என்று தீர்ப்புச் சொன்னார் சென்னியப்பன்.

அப்படித் தொடங்கியதுதான் மூட்டை கட்டும் படலம். காடு என்றால் அதிகாரிகள் இருப்பார்கள், அதிகாரிகள் என்றால் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று பன்னிரண்டு சால்வைகள் வாங்கினார். வேனின் முன்னால் கட்டிப் போட்டோ எடுப்பதற்குப் பன்னிரண்டு அடியில் ஒரு துணிப் பேனர் எழுதச் சொன்னார். அதில் 'ஆப்பிரிக்கக் கானகப் பயணக் குழு' என்பது சின்ன எழுத்து; 'தலைவர்' என்பதற்குப் பிறகு வந்தது பெரிய எழுத்து. ஓட்டல்காரர்களுக்கு நினைவுப் பரிசாகக் கொடுக்க, தன்னுடைய படத்தையே கண்ணாடி போட்டு இரண்டு. காபி குடிக்க வெள்ளி டம்ளர். காபி போட மண்ணெண்ணெய் ஸ்டவ். மிருகங்கள் மிரண்டாலும் பரவாயில்லை என்று வெள்ளை வேட்டி சட்டையில் ஆறு செட். பதினாலு பக்கத்தில் ஒரு நன்றியுரை, யாருக்கு என்று முடிவாகாமல்.

இவ்வளவும் அவருடைய ஒரு பைக்குள் அடங்குமா? கண்ணாத்தாள் பைக்குள் நான்கு சேலையும் ஒரு கம்பளிச் சட்டையும் பருப்புப் பொடியும் வைத்தபின் ஒன்பது கிலோ இடம் இருந்தது. அதை அவர் ரிட்டர்ன் லோடு மாதிரி நிரப்பினார். பேனர் மணியன் பைக்குப் போயிற்று. ஸ்டவ்வைச் சின்னண்ணன் தலையில் கட்டினார்.

"அண்ணா, என்ற பையில மண்ணெண்ணெய் வாசம் அடிக்குமேங்ணா, சேலையெல்லாம்..."

"நீ எதுக்கு அங்க சேலை கொண்டுபோற?"

"நாலு ஊருக்குப் போறமுங்க, ஒரு எடத்துலயாச்சும் பொம்பளைங்க இருக்கமாட்டாங்களா?" என்றார் சின்னண்ணன். யாவாரிக்கு யாவாரி மேல் கோபம் வராது. ஆகவே சேலைகளும் ஏறின.

மண் நிறத்துக்காகச் சென்னியப்பன் காக்கியில் ஒரு செட் தைத்தார். தைத்து வந்த அன்றே அதைப் போட்டுக்கொண்டு எடைமேடை வாசலில் நின்றது அவர் செய்த பிழை. பள்ளிபாளையத்திலிருந்து பேப்பர் லோடு பிடிக்க வந்த ஒரு புரோக்கர், வெளியூர் ஆள், மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே கத்தினான்: "யோவ் டிரைவரு! வண்டிய அக்கட்டால போடுய்யா, வழியில நிக்குது பாரு!" உள்ளே இருந்த நிஜ டிரைவர்கள் மூன்று பேர் அன்று சாயங்காலம் வரை வெளியே வரவில்லை. சிரிப்பு அடங்கியபின் வரலாம் என்று இருந்துவிட்டார்கள்.

இதற்கு நடுவில்தான் சின்ன பிளேன் கம்பெனியின் விண்ணப்பத் தாள் வந்தது. பெயர், வயது, உடம்பின் எடை. தலைவர் என்கிற முறையில் ஆறு பேருக்கும் சென்னியப்பனே பூர்த்தி செய்தார். மற்றவர்கள் சொன்ன எடையை அப்படியே எழுதினார். தன்னுடைய பெயருக்கு வந்ததும் பேனா நின்றது. அவருடைய எடை நூற்றுப் பன்னிரண்டு. சின்னண்ணன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லாரிக்காரருக்கு இதெல்லாம் ஒரு சங்கடமா? முன் அச்சில் பாரம் கூடினால் பின் அச்சுக்குத் தள்ளுவது. எண்பத்திரண்டு என்று எழுதினார். குறைந்த முப்பது கிலோவைக் கீழே ஐம்பத்து நாலு கிலோ இருந்த மனைவியின் பெயரில் ஏற்றி, எண்பத்து நாலு என்று முடித்தார். மொத்தம் சரியாகத்தானே இருக்கிறது? யாருக்கு நஷ்டம்?

நஷ்டம் யாருக்கு என்பது தை பிறக்கப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது தெரிந்தது. தீர்த்தகிரி வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"சார், பிளேன் கம்பெனிக்காரன் தந்தி அடிச்சிருக்கான். ஆறு ஆள், ஆறு பை, எல்லாம் சேர்த்து ஐந்நூறு கிலோதான் தாங்குமாம். நம்ம கணக்கு ஐந்நூத்தி இருபத்தஞ்சு. இருபத்தஞ்சு கிலோ ஜாஸ்தி."

"சொல்லிப் பாக்கறது" என்றார் சரவணமுத்து.

"ஆகாசத்துல யார்கிட்டங்க சொல்றது?"

இருபத்தைந்து கிலோவுக்கு ஒரு வழிதான் அவர்களுக்குத் தெரிந்தது. ஒரு ஆள் இறங்க வேண்டும். சென்னியப்பன் தொண்டையைச் செருமினார். மைக் இல்லாத குறை அவர் குரலில் தெரியவில்லை.

"தலைவர்ங்கற மொறையில நான் பட்சபாதம் பண்ணமாட்டனுங்க. யாரு எடை ஜாஸ்தியோ அவங்க நிக்கோணும். அது யாரா இருந்தாலுஞ் சரி, எம் பொண்டாட்டியா இருந்தாலுஞ் சரி. நாயம்னா நாயம். தீர்த்தகிரி, தாளப் படிங்க."

தீர்த்தகிரி படித்தார். தாளின்படி அதிக எடை, எண்பத்து நாலு, திருமதி கண்ணாத்தாள்.

"என்ன பண்றது" என்று சென்னியப்பன் பெருமூச்சு விட்டார். சொந்த மனைவியையே விட்டுக்கொடுத்த மனிதர் என்று கூட்டம் அவரைப் பார்த்தது. அந்தப் பார்வை அவருக்குப் பிடித்திருந்தது.

ஊரில் செய்தி பரவ அரை நாள் போதுமானதாக இருந்தது. அடுத்த தெருச் சென்னியம்மாள் காய்கறிக்காரியிடம் கேட்டுவிட்டு நேராக வந்தாள்.

"ஏனுங்கக்கா, உங்களை ஏத்துனா பிளேனே எந்திரிக்காதுன்னுட்டாங்களாமா?"

"யாரு சொன்னது?"

"ஊரே சொல்லுதுங்க. ஆனா பாத்தா அப்படித் தெரியலீங்க. எலும்பு கனமோ என்னமோ."

கண்ணாத்தாள் வாசலில் நின்றுகொண்டு தன் கைகளைப் பார்த்தாள். மூன்று நாளைக்கு முன்புதான் சைக்கிள் ரிக்‌ஷாக்காரன், ஆள் ஏறினதே தெரியலீங்க அம்மா என்றிருந்தான். வீட்டுக்குள் பை கட்டி மூலையில் நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. இருபத்தாறு வருஷத்தில் முதல்முதலாக ஒன்றை எனக்கு என்று நினைத்து, அது போய், போனதற்குக் காரணமும் தன் உடம்பே என்று ஊர் பேசுகிறது.

தம்பி மணியன் சாயங்காலம் வந்தான். விண்ணப்பத் தாளின் கார்பன் நகலைக் கையோடு கொண்டுவந்திருந்தான்.

"அக்கா, நீ எத்தன கிலோ?"

"ஊசி போடற எடத்துல அம்பத்தி நாலுன்னாங்க."

"இதுல எண்பத்தி நாலு. மாமா எத்தன தெரியுமா? எண்பத்தி ரெண்டு."

கண்ணாத்தாள் தாளை வாங்கிப் பார்த்தாள். இங்கிலீஷ் தெரியாது, எண் தெரியும். இரண்டு எண்களையும் விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அந்த ஒடம்பு எண்பத்தி ரெண்டாடா?"

"இப்பவே போயிக் கேக்கறேன். நாலு பேரு முன்னால கேட்டாத்தான்..."

"கேட்டா என்ன சொல்லுவாரு? ஊசி போட்ட எடத்துல தராசு சரியில்லைம்பாரு. ஊட்டுக்குள்ள பேசுனா ஊட்டோட போயிரும் சாமி." அவள் தாளை மடித்து இடுப்பில் செருகினாள். "உங்க மாமன் நாமளா எடைபோடக் கூப்பிட்டா வரமாட்டாரு. அவரா ஏறோணும். மாலை போட்டுக்கிட்டு ஏறோணும்."

மணியன் அக்காவைப் பார்த்தான். இத்தனை நாள் இவளுக்குக் கோழிமுட்டை மட்டும் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தோமே என்று அவனுக்கு வருத்தமாக இருந்தது.

மறுநாள் அவன் மாமனிடம் போனான். "மாமா, ஊரே பேசுது. இந்த வட்டாரத்துல ஆப்பிரிக்காவுக்குப் போற முதல் குழு. சும்மா வண்டி ஏறிப் போனா நல்லாவா இருக்கும்? வழியனுப்பு விழா வெப்போம். எடைக்கு எடை வெல்லம்."

சென்னியப்பன் நிமிர்ந்தார். அந்தக் காலத்தில் தலைவர்களை எடைக்கு எடை காசு, சர்க்கரை, வெங்காயம் என்று தராசில் உட்காரவைக்காத ஊர் இல்லை. அவருக்கு இதுவரை யாரும் செய்ததில்லை.

"மல்லசமுத்திரத்துல போன மாசம் ஒரு சங்கத் தலைவருக்கு வெச்சாங்களே, எவ்வளவு ஏறுச்சு?"

"ரெண்டே முக்கால் சிப்பமுங்க, மாமா." முப்பது கிலோ வெல்லம் ஒரு சிப்பம்.

"அவ்வளவுதானா?" என்றார் சென்னியப்பன். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். வெல்லத்தை அப்புறம் கோயிலுக்குக் கொடுத்துவிடலாம் என்று கண்ணாத்தாள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். தான் போகமுடியாவிட்டாலும் கணவன் கௌரவத்தில் இவளுக்கு எத்தனை அக்கறை என்று அவர் நெகிழ்ந்துபோனார்.

விண்ணப்பத் தாளில் இலேசாக இருக்க ஆசைப்பட்ட மனிதர், மேடையில் கனமாக இருக்க ஆசைப்பட்டார். இரண்டும் ஒரே உடம்பு என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. நான்கு சிப்பத்தைத் தொட வேண்டும் என்று விழா நாள் காலையில் பன்னிரண்டு இட்லியும் எண்ணெயில் பொரித்த ஆறு கச்சாயமும் சாப்பிட்டார். ஒரு செம்பு மோரும் குடித்தார்.

விழா மண்டபத்தில் முந்நூறு பேர். மேடையில் மூன்று மரக்கால் நட்டுத் தொங்கவிட்ட பெரிய தராசு. பிலிக்கல்பாளையம் வெல்ல மண்டியிலிருந்து எடைபோடுகிற மாதையன் வந்திருந்தார். சிறப்பு விருந்தினர் தீர்த்தகிரி. அவரை அழைத்தவன் மணியன். மைக்கைப் பிடித்திருந்தவனும் மணியன்.

சென்னியப்பன் ஏழு மாலைகளோடு தட்டில் ஏறி உட்கார்ந்தார். தட்டு தரையில் உட்கார்ந்தது. மாதையன் எதிர்த்தட்டில் முதல் சிப்பத்தை வைத்து, மண்டி வழக்கப்படி ஒன்று என்று சொல்லாமல் கத்தினார்:

"லாபேம்!"

கைதட்டல்.

"ரெண்டேய்!"

தட்டு அசையவில்லை. சென்னியப்பன் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

"மூணேய்!"

தொண்ணூறு கிலோ. தட்டு இன்னும் தரையில்தான். சென்னியப்பன் ஆனந்தத்தில் கண்களை மூடிக்கொண்டார். மேடை ஓரத்தில் தீர்த்தகிரி மட்டும் கைதட்டவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, அதைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

மாதையன் மாலைகளைக் கழற்றச் சொல்லிவிட்டு, அச்சு வெல்லத்தை அள்ளி அள்ளி வைத்தார். கடைசியில் தட்டு மெல்ல எழும்பியது. "மூணு சிப்பமும் இருவத்தி மூணு கிலோவும்! நூத்திப் பதிமூணு!" என்று அறிவித்தார். அந்த ஒரு கிலோ காலைப் பலகாரம்.

"மாமாவுக்குப் போட்டாச்சு" என்றான் மணியன் மைக்கில். "ஒண்டியா எடைபோட்டா சாமி ஏத்துக்காதுங்க. தம்பதியாத்தான் ஏத்தோணும். அக்கா, வா."

கண்ணாத்தாள் வந்தாள். தட்டில் உட்காரும் முன் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். மாதையன் முதல் சிப்பத்தை வைத்தார். இரண்டாவதைத் தூக்கி வைத்ததும் அவள் தட்டு சட்டென்று மேலே போய், அவள் கால்கள் ஆடின. கூட்டம் சிரித்தது. ஒரு சிப்பத்தை எடுத்துவிட்டு அச்சு வெல்லமாக வைத்தார்.

"அம்பத்தி நாலேய்!"

முன்வரிசையில் சென்னியம்மாள் எழுந்தேவிட்டாள். "எண்பத்தி நாலுன்னாங்களேங்க! பிளேனு தாங்காதுன்னாங்களே?"

தீர்த்தகிரி சென்னியப்பனுக்குப் பயந்தவர். ஆனால் காகிதத்துக்கு அதைவிடப் பயந்தவர். மணியன் நீட்டிய மைக்கில் அவர் சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டது: "சார், நான் அந்தக் கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுத் தரணும் சார். தாள்ல உங்க எடை எண்பத்தி ரெண்டுன்னு இருக்கு. எதுங்க சரி, தாளா, தராசா?"

சென்னியப்பன் வாயைத் திறந்தார். முந்நூறு பேர், மைக், மேடை, எல்லாம் இருந்தும் பேச்சு வராத முதல் நாள் அது.

"மொத்தம் சரியாத்தானே இருக்குது" என்றார் கடைசியில்.

"மொத்தம் சரிதானுங்க" என்றார் சின்னண்ணன். ஸ்டவ் சுமக்கப் போகிறவருடைய நிதானம் அவருக்கு இருந்தது. "ஆனா எடை ஜாஸ்தி இருக்கறவங்க நிக்கோணும்னு நீங்கதானுங்ணா சொன்னீங்க. யாரா இருந்தாலும்னு வேற சொன்னீங்க."

"நான் தலைவரப்பா!"

"முதலாளி எங்கீங்ணா லாரியில போறாரு? லாரியத்தானே அனுப்பறாரு. நீங்க இங்கிருந்தே தலைவரா இருங்க."

கூட்டத்தில் ஒருவன் விசிலடித்தான். சுவரெல்லாம் சென்னியப்பன் முகமும் சிங்கத்தின் முகமும் அடுத்தடுத்து ஒட்டிய சுவரொட்டி. அந்த இரண்டில் இப்போது எது சிரிப்பது போலிருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. சென்னியப்பன், அடுக்கியிருந்த வெல்லத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை எடைமேடை ஆபீசில் எல்லோரும் கூடினார்கள். சென்னியப்பன் மூலை நாற்காலியில் இருந்தார். இரவு சாப்பிடவில்லை. கண்ணாத்தாள் அந்த ஆபீசுக்கு வந்தது அதுவே முதல் முறை. மணியன் பண்ணையிலிருந்து தீவன மூட்டை எடைபோடும் தராசைக் கொண்டுவந்திருந்தான்.

"ஏனுங்க தீர்த்தகிரி" என்று கேட்டாள் அவள். "ஐந்நூறுக்குள்ள வந்தாப் போதுமா? ஆளு எறங்கியே ஆகோணும்னு தந்தியில இருக்குதுங்களா?"

"அப்படி இல்லீங்கம்மா. எடைதான்."

"அப்பப் பையப் பிரிச்சுக் கொட்டுங்க."

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருபத்தைந்து கிலோ அதிகம் என்றதும் மனைவியை இறக்கலாம், தலைவரை இறக்கலாம் என்றெல்லாம் யோசித்த அத்தனை பேருக்கும், லோடை இறக்கலாம் என்று மட்டும் தோன்றவே இல்லை. தொழிலில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. அள்ளிப் போட்டதைக் குறைத்துக்கொண்டு போனவர்களை அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை.

பேனர் முதலில் வெளியே வந்தது. கண்ணாடிப் படங்கள், ஸ்டவ், சால்வைகள், வேட்டிகள். பொன்னாத்தாள் பையிலிருந்து ஊறுகாய் ஜாடிகள் நான்கு. தலைவருக்கு எலுமிச்சை ஒத்துக்கொள்ளாது என்று அவற்றில் இரண்டு மாங்காய். சின்னண்ணன் தன்னுடைய சேலைகளை யாரும் சொல்வதற்கு முன் தானே எடுத்து வைத்தார். இரண்டை மட்டும் மறுபடி உள்ளே தள்ளியதைப் பொன்னாத்தாள் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தரையில் குவிந்ததைத் தூக்கித் தராசில் வைத்தான் மணியன். இருபத்தேழு.

"ரெண்டு கிலோ மிச்சம்" என்றாள் கண்ணாத்தாள். கணவரைப் பார்த்தாள். "வாரீங்களா?"

சென்னியப்பன் நிமிரவில்லை. "எல்லாத்தையும் எடுத்துப்போட்டுட்டு, நான் அங்க வந்து என்ன பண்றது?"

"சிங்கம் பாக்கறதுங்க. சிங்கத்துக்குச் சால்வை போத்தறதுக்கா போறம்?"

அவர் கொஞ்ச நேரம் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரே ஒரு சால்வை... ரெண்டு கிலோ மிச்சம் இருக்குதுன்னியே..."

"அது நீங்க காலையில கச்சாயம் தின்னா சரியாப் போயிரும்."

பொன்னாத்தாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சென்னியப்பனுக்கே உதட்டோரம் இழுத்தது, அடக்கிக்கொண்டார். தீர்த்தகிரி புதுத் தாளை நீட்டினார். சென்னியப்பன் தன் கையாலேயே நூற்றுப் பன்னிரண்டு என்றும், கீழே ஐம்பத்து நாலு என்றும் எழுதினார். அந்த ஒரு கிலோவை மட்டும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. தாளின் அடியில், எடைகளுக்குப் பொறுப்பேற்கும் குழுத் தலைவர் கையெழுத்து என்று ஒரு கோடு. அவர் பேனாவை அங்கே கொண்டுபோனார்.

தீர்த்தகிரி இருமினார். "அது மட்டும்... அம்மா போட்டா நல்லதுங்க சார்."

யாரும் மறுக்கவில்லை. கண்ணாத்தாள் தமிழில், எழுத்துக் கூட்டி, கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே போகும்படி பெயரை எழுதினாள்.

தை எட்டாம் தேதி காலை. ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வேன். டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பூசணிக்காய் உடைத்தாயிற்று. காக்கி உடுப்பில் சென்னியப்பன் பின் சீட்டில் மடியில் ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தார். கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

டிரைவர் பழக்க தோஷத்தில் அவரைத் திரும்பிப் பார்த்து, "கெளம்பலாமுங்களா?" என்றான்.

சென்னியப்பன் வாயைத் திறந்தார். அப்புறம் முன் சீட்டைப் பார்த்தார்.

"சித்த இருங்க" என்றாள் கண்ணாத்தாள். ஆறு பைகளையும் எண்ணிவிட்டு, ஆட்களைத் திரும்பிப் பார்த்தாள். "சேலம் போற வரைக்கும் வண்டி எங்கியும் நிக்காது. போறவங்கெல்லாம் இப்பவே ஒருக்கா ஒதுங்கிட்டு வந்துருங்க."

ஒரு நிமிஷம் யாரும் அசையவில்லை. பிறகு கதவைத் திறந்துகொண்டு, மூன்று சங்கங்களின் தலைவர் முதல் ஆளாக இறங்கிப் போனார்.